ஹேமா கை உயர்த்திய ஞாயிறு

“வேற யாராவது நிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

செயற்குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த காகிதத்தைப் புரட்டுவதுதான் எங்கள் சங்கத்துத் தலைவர்களின் வழக்கம். யாரும் நிற்க மாட்டார்கள். முன்கூட்டியே பேசி வைத்த பெயரை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். கைதட்டல். பிறகு வடையும் கோப்பியும்.

அன்று காகிதத்தைப் புரட்டப் போன என் கை பாதியில் நின்றது. கடைசி வரிசையில், ஜன்னலோரம், ஒருவர் கை உயர்த்தியிருந்தார்.

எங்கள் சங்கம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே பூக்கடை. ஞாயிறு காலைகளில் மல்லிகை வாசனை ஈரச்சாக்கின் வாடையையும் சேர்த்துக்கொண்டு படியேறி வந்துவிடும். மாடியில் ஓடும் மின்விசிறிகளில் ஒன்று எப்போதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். பழுது பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவோம். அந்த நிமிடத்தில் அந்தச் சத்தம் ஒன்றுதான் அறையில் கேட்டது.

கை உயர்த்தியவர் ஹேமலதா. ஹேமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. பிறந்ததிலிருந்தே காது கேளாதவர். அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். ஜூரோங்கில் ஒரு பெரிய கிடங்கில், எந்தச் சரக்கு எந்த லாரியில் முதலில் ஏற வேண்டும் என்று திட்டமிடும் வேலை. பல ஆண்டுகளாக எங்களுடைய உணவுப் பைகளைக் கட்டித் தரும் தொண்டூழியர். வருவார், அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கட்டி அடுக்குவார், கையசைத்துவிட்டுப் போவார்.

அவர் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு சீனப் பெண் உட்கார்ந்திருந்தார். கூட வந்த தோழி என்று நினைத்திருந்தோம். ஆங்கிலத்தில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில், தேர்தல் என்ற வரியில் அவர் விரல் வைத்திருந்தார். ஹேமாவின் விரல்கள் அசைந்தன. அந்தப் பெண் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தார்.

“நான் நிற்கிறேன்.”

தோழி இல்லை, சைகை மொழிபெயர்ப்பாளர். பெயர் மெய் லிங்.

தங்கவேலு சார் எழுந்தார்

முதலில் எழுந்தவர் தங்கவேலு சார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எனக்கு முன்னால் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் தமிழ் படித்தவர்கள். அவர் எழுந்தாலே சிலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

“நான் இந்தப் பொண்ணுக்கு எதிரி இல்ல. அத மொதல்ல சொல்லிடுறேன்,” என்றார். “ஆனா ஒன்னு கேக்குறேன். நம்ம செயற்குழு தமிழ்லதான் நடக்கும். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான். இந்தப் பொண்ணுக்குத் தமிழ் பேசத் தெரியாது, எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. கூட வந்திருக்கிற மிஸ்ஸுக்கும் தெரியாது. அப்ப நாம எல்லாரும் இங்கிலீஷ்ல பேசணும். பேசிடலாம், கஷ்டமில்ல. வீட்டுல பிள்ளைங்க இங்கிலீஷ்ல பேசுதுங்க. கோயில் வாசல்ல இங்கிலீஷ். கல்யாண மண்டபத்துல இங்கிலீஷ். இந்த ஒரு ரூம்லதான் மிச்சம் இருக்கு. இதையும் விட்டுடச் சொல்றீங்களா?”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம்.

என் இரண்டு மகள்களும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுவார்கள். சமாதானமாவதும் ஆங்கிலத்தில்தான். தங்கவேலு சார் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மெய் லிங் என்னைப் பார்த்தார். தங்கவேலு சார் பேசியது என்ன என்று கண்ணால் கேட்டார். ஹேமாவும் பார்த்தார். அத்தனை முகங்களும் தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கின்றன என்று அவருக்குத் தெரிகிறது. என்ன சொல்கின்றன என்றுதான் தெரியவில்லை.

நான் தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கிப் போய், தங்கவேலு சார் சொன்னதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மெய் லிங் அதைக் கைகளால் சொன்னார். ஹேமா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை.

“வடை ஆறிடும். கோப்பி குடிச்சிட்டு வந்து பேசுவோம்,” என்று இடைவேளை விட்டேன். யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

அப்பாவின் கைகள்

கோப்பிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ஒருவர் மாலையைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இரும்பை இரும்பால் அடிக்கும் இடம். அங்கே யாரும் வாயால் பேசி ஆகாது. கையைத் தூக்கினால் ஏற்று, உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கு, முஷ்டி என்றால் நிறுத்து. பளுதூக்கியை ஓட்டுபவருக்கு, கீழே நிற்பவரின் கைதான் பேச்சு.

வருடங்கள் ஆக ஆக அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் அதை யாரும் செவிடு என்று சொன்னதில்லை. “அப்பா வேலையில இருக்காரு,” என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். சோறு போதும் என்றால் அப்பா உள்ளங்கையைக் கீழே காட்டுவார். நாங்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தால், வாசலில் நின்று முஷ்டியை உயர்த்துவார். நாங்கள் அத்தனை பேரும் அப்படியே நிற்போம். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்கள் வீட்டு அப்பாவும் அதே பட்டறைதான்.

அப்பாவிடம் எதையும் நாங்கள் சொல்லாமல் விட்டதில்லை. கத்திச் சொன்னோம், கையைக் காட்டிச் சொன்னோம், சிலேட்டில் எழுதிச் சொன்னோம். வீட்டில் அவர் இல்லாமல் ஒரு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

டீ ஊற்றிய தலைவர்

இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகி யீஷூனிலிருந்து எழுதியிருந்தார். “வாராவாரம் சங்கம் சங்கம் என்கிறீர்கள். அப்படி என்னதான் செய்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கிறோம், உணவுப் பை கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறோம். பொங்கலுக்கு எல்லோரையும் கூட்டிச் சோறு போடுகிறோம். அவ்வளவுதான். சின்னச் சங்கம்.

இந்தச் சங்கத்தின் செயற்குழுவுக்குள் போன முதல் பெண் நான். அப்போது நான் அரசாங்க மருத்துவமனையில் தாதி. வெள்ளைச் சீருடையோடு, ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தேன். மேசையைச் சுற்றி எல்லோரும் ஆண்கள். நான் உட்காருவதற்குள் ஒருவர் ஃபிளாஸ்க்கை என் பக்கம் நகர்த்தி, “அப்படியே எல்லாருக்கும் ஊத்திடும்மா,” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கு அது இயல்பாக வந்தது. என் கையும் இயல்பாகவே ஃபிளாஸ்க்கை நோக்கிப் போனது.

அப்போது தலைவராக இருந்தவர் அலாவுதீன் பாய். டன்லப் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவரும் என்னைப் போல ஒரு முதல் ஆள்தான், எங்கள் சங்கத்தின் முதல் முஸ்லிம் தலைவர். அவர் எட்டி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார்.

“தங்கச்சி செயற்குழு உறுப்பினர். டீய நான் ஊத்துறேன்,” என்றார்.

எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். முதலில் எனக்கு. அதற்குப் பிறகு அந்த ஃபிளாஸ்க்கை யாரும் என் பக்கம் நகர்த்தவும் இல்லை.

இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைதட்டுவார்கள். ஆனால் அன்று ஜன்னலோரம் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் நான் இருந்த இடத்தில் இப்போது ஹேமா இருக்கிறார். ஃபிளாஸ்க்கை எடுக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன்.

“அப்புறம் சொல்றேன்”

இடைவேளை முடிந்ததும் ஹேமா முன்னால் வந்தார். மெய் லிங் அவருக்கு எதிரே நின்றுகொண்டார். ஹேமா கைகளால் பேச, மெய் லிங் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அவருடைய பேச்சை நான் அன்று சொன்ன தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

“நான் பொறந்தப்போ டாக்டர் எங்கம்மாகிட்ட சொன்னாராம். இந்தக் குழந்தைக்கு ஒரு மொழி போதும், ரெண்டு வெச்சா குழம்பிடும்னு. அதனால இங்கிலீஷ் மட்டும் குடுத்தாங்க. தமிழ் வேணாம்னு நான் சொல்லல. என்கிட்ட யாரும் கேக்கல.

“எங்க வீட்டுல எல்லாரும் தமிழ். கல்யாணம், காதுகுத்து, தீபாவளி, எல்லாத்துக்கும் போவேன். எல்லாரும் ஒரே நேரத்துல சிரிப்பாங்க. நான் அம்மா கையப் புடிச்சி இழுத்து, என்னன்னு கேப்பேன். அம்மா எனக்குப் புரியுற மாதிரி வாயசைச்சு, ‘அப்புறம் சொல்றேன்’னு சொல்வாங்க. அம்மா மேல தப்பில்ல. அவங்களும் சிரிக்கணும்ல? ஆனா அந்த அப்புறம் வந்ததே இல்ல.”

மொழிபெயர்ப்பை நான் இந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஹேமா பொறுமையாகக் காத்திருந்தார்.

“சார் சொன்னது எனக்குப் புரியுது. உங்க தமிழ எடுத்துக்க நான் வரல. நீங்க தமிழ்லயே பேசுங்க. எனக்கு யாராவது சொன்னாப் போதும். ஆனா அப்பவே சொல்லணும். கூட்டம் முடிஞ்ச அப்புறம் வேணாம்.”

அவர் கைகளைக் கீழே இறக்கினார். பேசி முடித்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

முன்மொழிவதாக நானே சொல்ல நினைத்தேன். தலைவர் முன்மொழியக் கூடாது. ஒரு நிமிடம் யாரும் எழவில்லை. பிறகு பிரகாஷ் எழுந்தார். திருச்சிக்காரர். இங்கே மென்பொருள் வேலை. வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

“நான் முன்மொழியறேன்,” என்றார். “நான் இந்தச் சங்கத்துக்கு வந்த புதுசுல, நீங்க பேசுற தமிழ் எனக்குப் பாதி புரியாது. லா லான்னு பேசுவீங்க. மலாய் வார்த்த வரும். ஊர்லேர்ந்து வந்த பையன்னு சொல்லி என்கிட்ட நாலு மாசம் யாரும் சரியாப் பேசல. எனக்காச்சும் காது கேட்டுச்சு.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மெய் லிங் உடனே என்னைப் பார்த்தார். நான் உடனே சொன்னேன். ஹேமாவும் சிரித்தார், எங்களுக்கு ஒரு மூச்சு பின்னால். அவ்வளவுதான் தாமதம்.

உணவுப் பைகளை வண்டியில் கொண்டுபோகும் ஓட்டுநர் வழிமொழிந்தார். வாக்கெடுப்பு. ஆதரவாகக் கைகள் எழுந்தன. தயங்கித் தயங்கி, ஒன்றைப் பார்த்து இன்னொன்று. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது தங்கவேலு சார் கொஞ்சமும் தயங்காமல் கையைத் தூக்கினார். அவரோடு இன்னும் சிலர். ஆனால் ஹேமா ஜெயித்துவிட்டார்.

கைதட்டப் போனவர்களை மெய் லிங் தடுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைத்துக் காட்டினார். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அறை முழுக்கக் கைகள் அசைந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு மாமி மட்டும் இரண்டையும் சேர்த்துச் செய்தார். தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்.

ஒரே வரியில் முடித்த பிரகாஷ்

முதல் செயற்குழுக் கூட்டத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். பேச்சு தமிழில்தான். மெய் லிங்குக்குப் பக்கத்தில் பிரகாஷ் உட்கார்ந்து, பேசுவதை மெதுவாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மெய் லிங் அதை ஹேமாவுக்குச் சைகையில் சொல்வார். ஹேமா பேசினால் அதே வழியில் திரும்பி வரும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பிறகு தங்கவேலு சார் பேச ஆரம்பித்தார். முதியவர்களைப் பார்க்கப் போகும் தொண்டூழியர்கள் வாசலில் நின்று பையை நீட்டிவிட்டு வருவது பற்றி. பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று தெரியாத காலத்தில் தனியாக இருப்பவரின் மனநிலை பற்றி. தான் நேரில் பார்த்த ஒரு பெரியவர் பற்றி. நல்ல பேச்சு. அவருக்கே உரிய ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

பிரகாஷ் மெய் லிங்கின் காதோரம் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “தொண்டூழியர்கள் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார்.”

தங்கவேலு சாருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நாற்காலியில் திரும்பினார்.

“தம்பி, என்ன சொன்னீங்க?”

“நீங்க சொன்னததான் சார்.”

“நான் எவ்வளவு நேரம் பேசினேன்! அந்தப் பெரியவர் எங்க போனாரு? கதவத் தொறந்துட்டு, ‘உள்ள வாங்க, கோப்பி கலக்குறேன்’னு சொன்னாரே, அது எங்க?”

“சார், ரொம்ப நீளமா இருந்துச்சு. அதான் சுருக்கி…”

“சுருக்குறதுக்கு நீங்க யாரு?”

பிரகாஷ் பரிதாபமாக என்னைப் பார்த்தார். தங்கவேலு சார் எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். தரையில் அது கிறீச்சென்றது. மெய் லிங்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெரியவர் கதையை ஆரம்பத்திலிருந்து ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பி வரைக்கும் சொன்னார்.

ஹேமா கேட்டு முடித்தார். பிறகு கைகளால் பேசினார். “எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிலருக்கு வீட்டுக்குள் யாரும் வருவது பிடிக்காது. முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.”

தங்கவேலு சார் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். தன் கருத்துக்கு வந்த மறுப்பைத் தன் வாயாலேயே, கொஞ்சமும் குறைக்காமல், அழகான தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு ஹேமாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“முழுசாக் கேட்டாத்தான் முழுசா எதிர்த்துப் பேச முடியும். இப்ப சரி,” என்றார்.

அன்றிலிருந்து அந்த நாற்காலி அங்கேதான் இருக்கிறது. செயற்குழு இன்றும் தமிழில்தான் நடக்கிறது. சொல்லப்போனால் முன்பைவிட நல்ல தமிழில். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால், “ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க, எனக்கு ஒரு வாய்தான்,” என்று தங்கவேலு சார் அதட்டுவார்.

நான் தோற்றேன்

பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு திட்டத்தோடு கூட்டத்துக்குப் போனேன். வீட்டில் யோசித்து யோசித்து உருவாக்கியது. காது கேளாத தமிழர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தமிழ் நிகழ்ச்சிகளில் அவர்களைப் பார்த்ததே இல்லை. இந்த ஆண்டு அவர்களைக் குடும்பத்தோடு அழைக்க வேண்டும். முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும். மெய் லிங் மேடையில் நின்று எல்லாவற்றையும் சைகையில் சொல்ல வேண்டும்.

எனக்கே பெருமையாக இருந்தது. ஹேமாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் உதட்டைச் சுழித்தார்.

“மெய் லிங் மேடையில் நிற்கட்டும். அது வேண்டும்,” என்று தங்கவேலு சார் வழியாகப் பதில் வந்தது. “முன்வரிசை வேண்டாம். பொன்னாடை வேண்டாம். சாப்பாட்டுப் பகுதியை எங்களிடம் கொடுங்கள். முழுவதும்.”

நான் பதறிவிட்டேன். சாப்பாட்டுப் பகுதிதான் எங்கள் பொங்கலிலேயே கடினமான வேலை. கிராஞ்சி, ஜூரோங் விடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் லாரியிலும் பேருந்திலும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். அக்கம்பக்கத்து அடுக்குமாடிக் குடும்பங்களும் வரும். போன வருடம் ஒரே கூச்சல். ஒரு பக்கம் சாம்பார் தீர்ந்துபோனது, மறுபக்கம் அண்டா திறக்கவே இல்லை.

“ஹேமா, அந்தச் சத்தத்துல ஆளுங்க கேக்குறது உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?” என்றேன்.

தங்கவேலு சார் சொன்னார். மெய் லிங் கைகளால் சொன்னார். ஹேமா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தங்கவேலு சாரும் சிரித்துவிட்டுத்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“‘அந்தச் சத்தத்துல உங்களுக்கு மட்டும் கேக்குமா?’ன்னு கேக்குறா.”

நான் விடவில்லை. மரியாதை என்றேன், அழைத்து வந்து வேலை வாங்கக் கூடாது என்றேன். வாக்கெடுப்பு வரைக்கும் போனது. தங்கவேலு சார் ஹேமா பக்கம் கை தூக்கினார்.

“முன்னாடி உக்கார வெச்சு சால்வ போட்டா, கும்புட்டுட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் வரமாட்டாங்க,” என்றார். “வேல குடுத்தா வருவாங்க. வாத்தியாரா இருந்தவன், எனக்குத் தெரியும் லா.”

தலைவரின் தீர்மானம் தோற்றுப்போனது. எங்கள் சங்கத்தில் அப்படி நடந்து எனக்கு நினைவில்லை.

தேக்கா பக்கம் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது மனது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நல்ல எண்ணத்தில் சொன்னேனே, நான் கொண்டுவந்த பெண் எனக்கே எதிராக நிற்கிறாளே என்றுகூட நினைத்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த நினைப்பே எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. வெறுமனே தலையாட்ட ஓர் ஆள் வேண்டும் என்றா அவரை உள்ளே அழைத்தோம்? மேசைக்கு வந்து சில மாதங்களில், காரணம் சொல்லி, வாக்குக் கேட்டு, சங்கத் தலைவியைத் தோற்கடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பொங்கல் வரிசை

அடுக்குமாடி வட்டாரத்தின் நடுவில் இருந்த திடலில் கூடாரம் போட்டோம். கரும்பு, மஞ்சள் கொத்து, மாவிலை. வெயில் ஏறுவதற்குள் வெல்லம் உருகும் வாசனை மேல்மாடிகளுக்குப் போய்விட்டது. ஆட்கள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஹேமாவின் ஆட்கள் மஞ்சள் சட்டையில் வந்திருந்தார்கள். காது கேளாத இளைஞர்கள், நடுவயதுக்காரர்கள், ஒரு தம்பதி தங்கள் பிள்ளைகளோடு. வாசலில் பெரிய படப்பலகை. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, சாம்பார் என்று படம் போட்டு, எந்தப் படத்துக்கு எந்த வரிசை என்று நிறத்தில் காட்டியிருந்தார்கள். தரையிலும் அதே நிறத்தில் கோடு. வேண்டியதை விரலால் காட்டினால் போதும். அண்டா காலியாகப் போகிறது என்றால் பரிமாறுபவர் சிவப்புக் கொடியை உயர்த்துவார். சமையல் பக்கம் நிற்பவர் அதைப் பார்த்து அடுத்த அண்டாவை அனுப்புவார். யாரும் யாரையும் கத்திக் கூப்பிடவில்லை.

கிராஞ்சியிலிருந்து வந்த ஊழியர்கள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வடைப் படத்தைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார். பரிமாறிய பெண் ஒரு விரலைக் காட்டித் தலையை ஆட்டினார். அவர் நெஞ்சில் கை வைத்துக் கெஞ்சினார். வரிசை முழுக்கச் சிரித்தது. இரண்டாவது வடை விழுந்தது.

ஹேமாவின் அம்மா வந்திருந்தார். மகளோடு தமிழ் நிகழ்ச்சிக்கு வந்து வருடக்கணக்கில் ஆகிறது என்றார். யார் அருகில் வந்தாலும், கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த மஞ்சச் சட்ட, கையில வாக்கி-டாக்கி இல்லாம எல்லாரையும் ஏவிக்கிட்டு நிக்குது பாருங்க, அது என் பொண்ணு.”

மேடையில் பேச்சுகள் முடிந்து சிறப்பு விருந்தினர் கீழே இறங்கினார். ஒரு பெரிய அறநிறுவனத்தை நடத்துபவர். எளிமையானவர்தான், ஆனால் நேரமில்லாதவர். கூட்டம் குழப்பமில்லாமல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“வசந்தா, ரொம்ப ஒழுங்கா இருக்கு. யார் பொறுப்பு?”

வழக்கமாக அந்தக் கேள்விக்கு நான் ஓர் அடி முன்னால் வைப்பேன். அன்று ஹேமாவைக் காட்டினேன்.

அவர் நேராக ஹேமாவிடம் போய்க் கைகுலுக்கினார். பாராட்டிப் பேசினார். மெய் லிங் கைகளால் சொன்னார். ஹேமா நன்றி சொன்னார். பிறகு விருந்தினர், பொங்கல் வைத்திருந்த மேசையைப் பார்த்து, பேச்சுவாக்கில், கிண்ணத்துக்காகக் கையை நீட்டினார். எங்கள் ஆட்களில் ஒருவர் அவசரமாக ஒரு கிண்ணத்தை எடுக்கப் போனார்.

ஹேமா கையை உயர்த்தித் தடுத்தார். புன்னகையோடு ஏதோ சொன்னார். மெய் லிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

“அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க,” என்றேன்.

“இங்கே எல்லோரும் வரிசையில்தான் சார். உங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் மஞ்சள் கோடு.”

விருந்தினர் தரையைக் குனிந்து பார்த்தார். மஞ்சள் கோட்டைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். அது திடலின் மறுகோடி வரைக்கும் போனது, கட்டுமான ஊழியர்களும் குடும்பங்களும் நின்ற வரிசையோடு. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கைக்கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

எனக்கும் பசித்தது. நானும் அவர் பின்னால் போய் நின்றுகொண்டேன்.